நாலாம் நாள் வந்த நிமோனியாவை யார், எப்போது எழுதுவது?

காரைக்குடியில் நாற்பது படுக்கையுள்ள நர்சிங் ஹோம் ஒன்றை நடத்தும் டாக்டர், ஊர்க்காரர் என்ற உரிமையில் போன மாதம் என்னைக் கூப்பிட்டார். "நீ அமெரிக்க சார்ட் பார்க்கிற பிள்ளை, எனக்கு ஒன்று சொல்லு ஆத்தா. இடுப்பெலும்பு முறிந்து வருகிறவருக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, நாலாம் நாள் நிமோனியா வருகிறது. அதை எழுதினால் எங்கள் தப்பு மாதிரித் தெரிகிறது. எழுதாமல் விட்டால், ஐந்து நாள் கேஸ் எப்படிப் பன்னிரண்டு நாள் ஆயிற்று என்று கிளெய்மைச் சரிபார்க்கும் இன்ஷூரன்ஸ் டி.பி.ஏ. நிறுவனத்திலிருந்து கடிதம் வருகிறது. இதை எப்படி எழுதுவது? யார் எழுதுவது?"

நான் கோட்டையூரில் வீட்டிலிருந்தபடி அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் உள்நோயாளி சார்ட்டுகளுக்குக் கோடிங் செய்கிறேன், அதாவது டாக்டர் எழுதிய நோய்களைக் குறியீடுகளாக மாற்றுகிறேன். எட்டு வருஷம் ஆகிறது. அவர் கேட்டது வாரம் ஒருமுறையாவது என் திரையில் வந்து நிற்கும் கேள்விதான். போனில் கால் மணி நேரத்தில் சொன்னதை, இதே முடிவை எடுக்க வேண்டிய மற்ற டாக்டர்களுக்கும் கோடர்களுக்கும் உதவட்டும் என்று கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

எங்கள் ஐயா மலாயாவில் ஈப்போவில் ஒரு வட்டிக்கடையில் கணக்கு எழுதியவர். சிட்டை அன்றன்றைக்கு எழுதுவது. பேரேடு, சிட்டையைப் பார்த்துப் பெயர்வாரியாகப் பிரித்து ஏற்றுவது. பேரேடு எழுதுகிறவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் சிட்டையில் இல்லாத வரியை ஏற்ற முடியாது. சந்தேகம் வந்தால் சிட்டை எழுதியவரிடம் போய்த்தான் கேட்க வேண்டும். எனக்குக் கோடிங் புரிந்தது இந்த வழியாகத்தான். கேஸ் ஷீட் சிட்டை, கோடிங் பேரேடு. ஆஸ்பத்திரியில் வந்த நிமோனியாவைப் பொறுத்தவரை எல்லாச் சிக்கலும் சிட்டையில் ஒரு வரி விட்டுப்போவதில்தான் தொடங்குகிறது.

48 மணி நேரம் யாருடைய கணக்கு?

ஆஸ்பத்திரியில் சேர்ந்து 48 மணி நேரமோ அதற்கு மேலோ ஆன பிறகு வருவது, சேரும்போது உடம்புக்குள் உருவாகிக்கொண்டிருக்காதது: ஆஸ்பத்திரி நிமோனியா என்பதற்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் வரையறை இது. சுவாசக் குழாய் போட்டு 48 மணிக்கு மேல் ஆன பிறகு வந்தால் அது வென்டிலேட்டர் நிமோனியா. அமெரிக்காவின் தொற்றுநோய் மருத்துவர் சங்கமும் மார்பு நோய்ச் சங்கமும் சேர்ந்து 2016இல் வெளியிட்ட வழிகாட்டி இவை இரண்டையும் தனித்தனியாக வைக்கிறது. முதியோர் இல்லத்திலிருந்தும் டயாலிசிஸிலிருந்தும் வருகிறவர்களுக்காக 2005 வழிகாட்டியில் இருந்த மூன்றாவது வகையை 2016இல் விட்டுவிட்டார்கள்.

புதிதாகக் கோடிங் படிக்க வரும் பிள்ளைகள் பெரும்பாலும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். 48 மணி என்பதை மனப்பாடம் செய்துகொண்டு, சேர்ந்த நேரத்தையும் எக்ஸ்ரே எடுத்த நேரத்தையும் கழித்துப் பார்த்துத் தாங்களே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். அந்த 48 மணி மருத்துவரின் கணக்கு. கோடருக்கு அப்படி ஒரு விதி கிடையாது. நோய் சேரும்போதே இருந்ததா என்று குறிக்கும் பி.ஓ.ஏ. விதியும் மணிக்கணக்கு எதையும் சொல்வதில்லை. வந்த அன்றே இருமலும் இளைப்புமாக இருந்த ஒருவருக்கு மூன்றாம் நாள் எக்ஸ்ரேயில்தான் நிழல் தெரிகிறது என்றால், அது வரும்போதே இருந்த நோய் என்று டாக்டர் சொல்லலாம். அதைச் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

குறியீடுகளையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். கிருமி இன்னதென்று தெரியாத நிமோனியா ஜே18.9. ஆஸ்பத்திரியில் வந்தது என்பதைச் சொல்ல ஒய்95. இது தனியாக நிற்காது, நோயின் குறியீட்டோடு சேர்ந்து வரும். கிளெப்சியெல்லா என்றால் ஜே15.0, சூடோமோனாஸ் என்றால் ஜே15.1. சாப்பாடோ வாந்தியோ நுரையீரலுக்குள் போனதால் வந்தது ஜே69.0. வென்டிலேட்டர் நிமோனியாவுக்கு அமெரிக்கப் பட்டியலில் ஜே95.851. அசினெட்டோபாக்டருக்கு அதே அமெரிக்கப் பட்டியலில் 2023 அக்டோபரிலிருந்து தனியாக ஜே15.61 வந்திருக்கிறது.

நம் ஊர் ஆஸ்பத்திரிகளுக்கு ஒரு எச்சரிக்கை. இந்த நீளமான குறியீடுகள் அமெரிக்கர்கள் தங்கள் தேவைக்காக நீட்டிக்கொண்டவை. உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி-10 என்ற நோய்க் குறியீட்டுப் புத்தகத்தில் ஜே18.9 உண்டு, ஒய்95 உண்டு, ஜே95.851 கிடையாது. இங்கே இன்ஷூரன்ஸ் கிளெய்ம் படிவத்தில் ஆஸ்பத்திரி நிரப்பும் பகுதியிலும் ஐ.சி.டி-10 குறியீடு கேட்கிறார்கள். எந்தப் பட்டியலைப் பார்த்து எழுதுவது என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். ஒரு படிவத்தில் ஒன்று, அடுத்த படிவத்தில் மற்றொன்று என்று இருந்தால் வருஷக் கடைசியில் எதையும் எண்ண முடியாது.

எழுதியிருப்பதை அப்படியே ஏற்றுவது

இதுதான் இப்போது பெரும்பாலான இடங்களில் நடக்கிறது. டாக்டர் நிமோனியா என்று மட்டும் எழுதியிருந்தால் ஜே18.9 போட்டுவிட்டு அடுத்த சார்ட்டுக்குப் போவது. வேகமான வழி. யாரையும் தொந்தரவு செய்வதில்லை. இல்லாததைச் சேர்ப்பதும் இல்லை. அந்த அளவில் இது நேர்மையான வழி என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் அதற்குப் பிறகும் பி.ஓ.ஏ. என்ற கட்டம் காலியாக நிற்கிறது. அமெரிக்க முறையில் அதில் நாலு எழுத்தில் ஒன்று வந்தாக வேண்டும்: வரும்போதே இருந்தது, இல்லை, குறிப்பு போதவில்லை, மருத்துவராலேயே தீர்மானிக்க முடியவில்லை. மூன்றாவதை அடிக்கடி போடுகிற ஆஸ்பத்திரி, எங்கள் கேஸ் ஷீட் சரியில்லை என்று தானே எழுதிக் கொடுக்கிற மாதிரி.

நம் ஊரில் இன்னொரு பழக்கம் உண்டு. நிமோனியா என்ற சொல்லையே எழுதாமல் எல்.ஆர்.டி.ஐ. என்று எழுதிவிடுவது. கீழ்ச் சுவாசப் பாதைத் தொற்று என்று பொருள். வாயில் சுலபமாக வருகிறது, குடும்பத்தையும் பயமுறுத்தாது. ஆனால் புத்தகத்தில் அது ஜே22 என்ற வேறு இடத்துக்குப் போய்விடும். நிமோனியாக்களை எண்ணும்போது அந்த நோயாளி கணக்கிலேயே வரமாட்டார்.

இது எங்கள் வீட்டில் நடந்தது. மழை நாளில் வளவில் வழுக்கி விழுந்து அப்பத்தாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. வெளியூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஆபரேஷன் நன்றாக நடந்தது. ஐந்தாம் நாள் இரவு காய்ச்சல் வந்து மூச்சு வாங்க ஆரம்பித்தது. எக்ஸ்ரே எடுத்தார்கள், ஆன்டிபயாடிக்கை மாற்றினார்கள், ஆக்சிஜன் வைத்தார்கள். வீட்டுக்கு வர இன்னும் ஏழு நாள் ஆனது. டிஸ்சார்ஜ் சம்மரியில் எலும்பு முறிவைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. அதற்குக் கீழே ஒரே வரி: எல்.ஆர்.டி.ஐ. வந்து சிகிச்சை தரப்பட்டது. எந்த நாள், எதனால், எப்படி என்று எதுவும் இல்லை. அந்த ஏழு நாள் செலவை இன்ஷூரன்ஸ் தர மறுத்தது. சித்தப்பா மூன்று முறை பஸ் ஏறிப் போய்விட்டு வந்தார்.

கடைசியில் கேஸ் ஷீட் நகல் வாங்கி நான் உட்கார்ந்து படித்தேன். இரவு பணியிலிருந்த சிஸ்டர் காய்ச்சல் 101.4, ஆக்சிஜன் 88 என்று நேரத்தோடு எழுதியிருந்தார். மறுநாள் டாக்டரின் குறிப்பில் ஆன்டிபயாடிக் மாற்றம் என்பது மட்டும் இருந்தது. நிமோனியா என்ற சொல் இருந்த ஒரே இடம் எக்ஸ்ரே ரிப்போர்ட். உள்நோயாளிக்கு எக்ஸ்ரே ரிப்போர்ட்டை மட்டும் வைத்து நோயைக் கோட் செய்யக் கூடாது. சிகிச்சை தரும் டாக்டர் அதைத் தம் குறிப்பில் சொல்லியிருக்க வேண்டும். என் சொந்த அப்பத்தாவின் சார்ட் என் மேஜைக்கே வந்திருந்தாலும் நான் அவருக்கு நிமோனியா என்று போட்டிருக்க முடியாது. அன்றைக்கு அது எனக்கு மிகவும் வலித்தது. அப்பத்தா இப்போது வாக்கர் பிடித்து முகப்பு வரைக்கும் நடக்கிறார். அந்த ஏழு நாளில் அவர் பட்ட பாடு எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

கோடரே ஊகித்துச் சேர்ப்பது

இதை ஒரு வழியாகச் சொல்லவே எனக்கு மனம் இல்லை. ஆனால் பலர் செய்வதால் சொல்ல வேண்டியிருக்கிறது. நாள் கணக்கைப் பார்த்து ஒய்95 போடுவது, சளி கல்ச்சரில் (சளியிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில்) சூடோமோனாஸ் வளர்ந்திருக்கிறது என்று ஜே15.1 போடுவது, நோயாளி வென்டிலேட்டரில் இருந்தார், நிமோனியாவும் இருந்தது என்று ஜே95.851 போடுவது. மூன்றும் கூடாது. கல்ச்சரில் வளர்ந்த கிருமிதான் நிமோனியாவுக்குக் காரணம் என்று டாக்டர் சொல்ல வேண்டும், ஏனென்றால் தொண்டையில் சும்மா குடியிருக்கும் கிருமியும் கல்ச்சரில் வளரும். வென்டிலேட்டரைப் பற்றி அமெரிக்க விதி இன்னும் கறாராக இருக்கிறது: வென்டிலேட்டரால் வந்த நிமோனியா என்று மருத்துவர் எழுதியிருந்தால் மட்டுமே அந்தக் குறியீடு, தெளிவில்லை என்றால் கேள். அப்படி எழுதியிருக்கும்போது ஜே12 முதல் ஜே18 வரையுள்ள நிமோனியாக் குறியீட்டை அதே நோய்க்காக மறுபடி சேர்க்கக் கூடாது, கிருமிக்கு மட்டும் தனிக் குறியீடு சேர்த்துக்கொள்ளலாம். நோயாளி வேறொரு நிமோனியாவோடு வந்து, பிறகு வென்டிலேட்டரில் இன்னொன்று வந்தால் வந்தபோது இருந்ததே முதல் நோய், மற்றது கூடுதல் நோய்.

டிஸ்சார்ஜ் ஆன பிறகு கேட்பது

நான் தினமும் செய்கிற வேலை இது. நோயாளி வீட்டுக்குப் போய்ச் சார்ட் என்னிடம் வந்த பிறகு, எங்கே ஓட்டை இருக்கிறது என்று பார்த்து டாக்டருக்குக் கேள்வி அனுப்புவது. எங்கள் பேச்சில் குவரி.

இதில் உண்மையான ஒரு வசதி உண்டு. படம் முழுவதும் கையில் இருக்கிறது. கல்ச்சர் முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். டிஸ்சார்ஜுக்குப் பிறகு கேட்கும்போது அது வந்திருக்கும். எந்த மருந்துக்கு நோயாளி தேறினார் என்பதும் தெரியும். உள்நோயாளி விஷயத்தில் டிஸ்சார்ஜ் நேரத்தில் டாக்டர் ‘இதுவாக இருக்கலாம்’, ‘பெரும்பாலும் இது’ என்று எழுதியிருந்தால்கூட அந்த நோய் இருந்ததாகவே கோட் செய்ய அமெரிக்க விதி அனுமதிக்கிறது. புறநோயாளிக்கு அந்தச் சலுகை கிடையாது.

எப்படிக் கேட்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "இது ஆஸ்பத்திரி நிமோனியாதானே?" என்று கேட்பது கேள்வியே அல்ல, பதிலைக் கையில் திணிப்பது. அமெரிக்க மருத்துவப் பதிவேட்டுத் துறையினரின் சங்கமும் ஆவணச் சீர்மை வல்லுநர்களின் சங்கமும் சேர்ந்து இதற்கென்றே நெறிமுறை வைத்திருக்கின்றன. 2022இல் அதைப் புதுப்பித்தார்கள். அதன்படி புதிதாக ஒரு நோயை எழுத வைப்பதற்கு ஆம், இல்லை என்ற வடிவில் கேட்கக் கூடாது. காசைப் பற்றி ஒரு சொல் வரக் கூடாது. சான்றை முதலில் வைக்க வேண்டும். நான் எழுதுவது இப்படி இருக்கும்:

"ஐந்தாம் நாள் இரவு 11.40க்குக் காய்ச்சல் 101.4, ஆக்சிஜன் 88. மறுநாள் எக்ஸ்ரேயில் வலது கீழ்ப்பகுதியில் புதிய நிழல். வெள்ளணு 16,200. செஃப்ட்ரையாக்சோனை நிறுத்திப் பிப்பராசில்லின் டாசோபாக்டம் தொடங்கப்பட்டது. இந்தச் சிகிச்சைக்குக் காரணமான நோய் உங்கள் மருத்துவ முடிவில் எது? சேர்ந்த பிறகு ஆஸ்பத்திரியில் வந்த நிமோனியா, சேரும்போதே இருந்த நிமோனியா, உணவு உள்ளே போனதால் வந்த நிமோனியா, நிமோனியா அல்ல, நுரையீரல் சுருக்கம் மட்டும், வேறு ஏதாவது, தீர்மானிக்க இயலவில்லை."

கடைசி இரண்டும் கட்டாயம் இருக்க வேண்டும். டாக்டர் ‘தெரியவில்லை’ என்று சொல்ல இடம் கொடுக்காத கேள்வி நேர்மையான கேள்வி ஆகாது.

காசு பற்றிச் சொல்லக் கூடாது என்று ஏன் இவ்வளவு அழுத்துகிறார்கள்? அமெரிக்க முறையில் பணம் நோய்க்கு நோய் தனித்தனியாக அல்ல, கேஸை எந்தத் தொகுப்பில் போடுகிறோமோ அதற்கு வருகிறது. இடுப்பெலும்பு முறிவுக்காக மூட்டு மாற்றியவருக்கு இரண்டு தொகுப்புகள்: பெரிய சிக்கலோடு 521, அது இல்லாமல் 522. இடையில் வந்த நிமோனியா, வெறும் ஜே18.9 ஆக இருந்தாலும், பெரிய சிக்கல்களின் பட்டியலில் இருக்கிறது. ஆக ஒரே ஒரு சொல் கேஸை 522இலிருந்து 521க்குத் தூக்கிவிடும். ஆஸ்பத்திரியில் வந்த சில கேடுகளுக்குக் கூடுதல் பணம் தரமாட்டோம் என்று முதியோருக்கான அமெரிக்க அரசு இன்ஷூரன்ஸான மெடிகேர் 2008 அக்டோபர் முதல் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதில் நிமோனியா இல்லை. சேரும்போது இல்லை என்று குறித்தாலும் பணம் குறையாது. அதனாலேயே ஆசைப்பட்டு எழுதுகிறவர்களும் உண்டு, அதைத் தேடிப் பிடிக்கிற தணிக்கைக்காரர்களும் உண்டு. மூன்று வாரம் கழித்து, ஒரு குவரிக்குப் பதிலாக மட்டும் சார்ட்டில் தோன்றும் நிமோனியாவை அவர்கள் முதலில் சந்தேகப்படுவது நியாயம்தான்.

இந்த வழியின் பலவீனமும் அதுதான். நாற்பது நோயாளிகளைப் பார்த்துவிட்ட டாக்டரிடம் மூன்று வாரத்துக்கு முந்தைய ஓர் இரவைப் பற்றிக் கேட்கிறோம். அவர் நினைவிலிருந்து அல்ல, நான் எடுத்து வைத்த சான்றிலிருந்தே பதில் சொல்கிறார். பிறகு எழுதும் சேர்க்கையில் எழுதுகிற அன்றைய தேதியைத்தான் போட வேண்டும். பழைய தேதி போட்டால் அது பொய்க் கணக்கு. நோயாளிக்கோ இதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை. அவர் போய்விட்டார்.

படுக்கையில் இருக்கும்போதே கேட்பது

எனக்கு மனம் ஒப்பும் வழி இதுதான். ஆன்டிபயாடிக் மாறிய அன்றைக்கே அல்லது மறுநாள் காலை ரவுண்டுக்கு முன்பே ஒருவர் டாக்டரிடம் கேட்கிறார்: இந்த மாற்றம் எந்த நோய்க்கு, அது எப்போது தொடங்கியது? பெரிய அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். நாற்பது படுக்கைக்கு அப்படி ஒருவரை வைக்க முடியாது. ஆனால் தொற்றுக் கட்டுப்பாட்டைப் பார்க்கும் சிஸ்டர் ஒருவர் இருப்பார். அவர் காலையில் பத்து நிமிஷம் கேஸ் ஷீட்டுகளைப் புரட்டினால் போதும்: புதிதாக மாறிய ஆன்டிபயாடிக், புதிதாகத் தொடங்கிய ஆக்சிஜன், புதிதாக எடுத்த எக்ஸ்ரே. இந்த மூன்றில் எது இருந்தாலும் அந்த கேஸ் ஷீட்டைத் தனியே எடுத்து வைக்க வேண்டும்.

இதில் கோடிங்கைத் தாண்டிய ஒரு பலன் இருக்கிறது, நான் இந்த வழிக்காக வாதாடுவதே அதற்காகத்தான். நம் ஊர் வார்டுகளில் நோயாளிக்குச் சாப்பாடு கொடுப்பது பெரும்பாலும் வீட்டு ஆட்கள். பக்கவாதம் வந்து படுத்திருக்கும் ஆச்சிக்கு மகள் கஞ்சியைக் கரண்டியால் ஊட்டுகிறார், தலையைத் தூக்கி வைக்காமல், படுத்த நிலையிலேயே. அன்பாகத்தான் செய்கிறார். அப்படி உள்ளே இறங்கிய கஞ்சியால் வந்த நிமோனியாவை எல்.ஆர்.டி.ஐ. என்று எழுதிவிட்டால் அந்த வார்டில் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. ‘இது உணவு உள்ளே போனதால் வந்ததா?’ என்று அன்றைக்கே கேட்டால், விழுங்க முடிகிறதா என்று டாக்டர் பார்ப்பார், படுக்கையின் தலைப்பக்கத்தை 30 முதல் 45 டிகிரி வரை உயர்த்தச் சொல்வார், மகளிடம் நேரில் சொல்வார், பல் தேய்த்து வாயைச் சுத்தமாக வைக்கச் சொல்வார். பக்கத்துப் படுக்கைக்காரருக்கும் அந்தப் பேச்சு காதில் விழும். எழுதும் சொல் சரியாக அமைவதும் நோயாளிக்கு நல்லது நடப்பதும் இங்கே ஒரே கேள்வியில் கிடைக்கிறது.

குறையும் உண்டு. கல்ச்சர் வராத நேரத்தில் கேட்பதால் டாக்டர் ‘நிமோனியா சந்தேகம்’ என்று எழுதுவார். ஏழாம் நாள் அது நிமோனியா இல்லை, இதயத்தால் நுரையீரலில் நீர் கோத்தது என்று தெரியவரும். பழைய சந்தேகத்தை யாரும் நீக்கி எழுதமாட்டார்கள். டிஸ்சார்ஜ் சம்மரி தட்டச்சு செய்கிறவர் இரண்டையும் சேர்த்து அடித்துவிடுவார். அதனால் நடுவில் கேட்பவர் கடைசியிலும் ஒருமுறை பார்த்தாக வேண்டும்: சந்தேகம் உறுதியானதா, விலக்கப்பட்டதா, கல்ச்சர் என்ன சொன்னது. இந்த இரண்டாவது பார்வைக்கு ஆள் இல்லை என்றால் முதல் பார்வையால் பாதிப் பலன்தான்.

அச்சடித்த படிவம்

கம்ப்யூட்டரில் கேஸ் ஷீட் எழுதும் இடங்களில் பட்டியலிலிருந்து நோயைத் தேர்ந்தெடுக்கும் வசதி உண்டு. சொல் ஒரே மாதிரி வரும், கையெழுத்துப் பிரச்சினை இல்லை. ஆனால் நேற்றைய குறிப்பை இன்றைக்கு அப்படியே நகலெடுக்கும் பழக்கம் அதோடு சேர்ந்தே வருகிறது. தேறிப்போன நிமோனியா டிஸ்சார்ஜ் நாள் வரைக்கும் தினமும் தோன்றும் சார்ட்டுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். டிக் போடும் கட்டத்தில் ஆஸ்பத்திரி நிமோனியா என்ற ஒரு வாய்ப்பு மட்டும் இருந்தால், அதுவும் பதிலைத் திணிக்கும் கேள்விதான். படிவம் தனியாகக் காரியம் செய்யாது, கேட்கிற ஆளின் கையில் இருந்தால் உதவும்.

அவர் பயந்தது பற்றி

‘எழுதினால் எங்கள் தப்பு மாதிரித் தெரிகிறது’ என்று டாக்டர் சொன்னதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒய்95 எங்கே வந்தது என்பதைத்தான் சொல்கிறது. யாரால் வந்தது என்று அது சொல்வதில்லை. எண்பது வயதில், படுத்தபடுக்கையாக, இருமும் பலம் இல்லாத ஒருவருக்கு எல்லாம் சரியாகச் செய்தும் நிமோனியா வரலாம். தலையைத் தூக்கி வைத்தது, சீக்கிரம் எழுப்பி உட்கார வைத்தது, வாய்ச் சுத்தம் பார்த்தது இவையெல்லாம் கேஸ் ஷீட்டில் இருந்தால் அந்த ஆஸ்பத்திரிக்குப் பயப்பட ஒன்றும் இல்லை. இவை இல்லாமல் நோய்ப் பெயரையும் மறைத்தால்தான் கேள்வி எழும்போது கையில் எதுவும் இருக்காது.

ஆஸ்பத்திரிகளின் தரத்துக்குத் தரும் என்.ஏ.பி.எச். அங்கீகாரத்துக்குப் போகிறவர்கள் வென்டிலேட்டர் நிமோனியா விகிதத்தை 1000 வென்டிலேட்டர் நாளுக்கு இத்தனை என்று கணக்கிட்டு வைக்க வேண்டும். அந்தக் கண்காணிப்புக் கணக்கும் கோடிங் கணக்கும் பொருந்தவில்லையே என்று சிலர் பதறுகிறார்கள். பொருந்த வேண்டிய அவசியம் இல்லை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2013 முதல் பெரியவர்களின் வென்டிலேட்டர் நிகழ்வுகளை, வென்டிலேட்டர் தேவை எவ்வளவு கூடியது என்ற அளவுகளை வைத்தே எண்ணத் தொடங்கிவிட்டது. கோடிங்கோ டாக்டர் எழுதிய சொல்லைப் பார்க்கிறது. ஒன்றை மற்றொன்றுக்கு ஏற்றபடி வளைப்பதுதான் தப்பு.

நான் சொன்ன முடிவு

அந்த நர்சிங் ஹோமுக்கு நான் சொன்னது: படுக்கையில் இருக்கும்போதே கேட்பதைப் பிரதானமாக வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்சார்ஜுக்குப் பிறகு கேட்பதைத் தாமதமாக வரும் கல்ச்சர் முடிவுக்கு மட்டும் ஒதுக்குங்கள். ஊகித்துச் சேர்ப்பதை அடியோடு நிறுத்துங்கள். எல்.ஆர்.டி.ஐ. என்று எழுதுவதை, அது உண்மையிலேயே நிமோனியா இல்லாத தொற்றாக இருந்தால் மட்டும் எழுதுங்கள். அவர்களிடம் இன்னும் காகிதக் கேஸ் ஷீட்தான் என்பதால் கம்ப்யூட்டர் படிவத்துக்குப் பதிலாக ஒரு ரப்பர் ஸ்டாம்ப் போதும் என்றேன்.

என்னைப் போல வீட்டிலிருந்து அமெரிக்க சார்ட் பார்க்கும் பிள்ளைகளுக்கு இந்த முடிவு பொருந்தாது. நமக்குச் சார்ட் வரும்போது பெரும்பாலும் நோயாளி டிஸ்சார்ஜ் ஆகியிருப்பார். நம் கையில் இருப்பது பின்னால் கேட்கும் குவரி மட்டும்தான். அதை நன்றாக எழுதக் கற்றுக்கொள்ள நேரம் செலவழியுங்கள். குறியீட்டு எண்களை மனப்பாடம் செய்வதைவிட அது கடினம், ஆனால் சார்ட்டில் உண்மை நிற்பது அதனால்தான். காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் டிகிரி முடித்துவிட்டு உள்நோயாளிக் கோடிங்குக்கு வர நினைப்பவர்கள் சி.பி.சி. என்ற கோடிங் தேர்வோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள்; அது பெரும்பாலும் டாக்டர் கட்டணம், புறநோயாளி சார்ந்தது. உள்நோயாளிப் பக்கத்துக்குச் சி.சி.எஸ். அல்லது சி.ஐ.சி. தேர்வு பொருத்தம்.

ஸ்டாம்பில் நாலு வரி என்று பேசி முடித்தோம். சேர்ந்த தேதியும் நேரமும். முதல் அறிகுறி தெரிந்த தேதியும் நேரமும். என்ன சான்று. டாக்டரின் முடிவு என்ன, கையெழுத்து. நாலாவது வரிக்கு நேரே வாய்ப்புகள் எதையும் அச்சடிக்க வேண்டாம், வெறும் கோடு மட்டும் இருக்கட்டும் என்று நான் பிடிவாதமாகச் சொன்னேன். டாக்டர் தம் கையால் ஒரு சொல்லை எழுத வேண்டும்.

மறுநாள் அவரே மறுபடி கூப்பிட்டார். மதுரையிலிருந்து வாரம் இரண்டு நாள் வரும் நுரையீரல் நிபுணர் நுரையீரல் சுருக்கம் என்று எழுதி, நர்சிங் ஹோம் டாக்டரான தாம் நிமோனியா என்று எழுதியிருந்தால் எதை எடுப்பது என்று கேட்டார். பொறுப்பில் இருக்கும் டாக்டரிடம்தான் கேட்க வேண்டும், கோடர் எதையும் தேர்ந்தெடுக்கக் கூடாது என்றேன். "அப்படியென்றால் நாங்கள் இரண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வந்து எழுத வேண்டும், இல்லையா?" என்றார். ஆமாம் டாக்டர் என்றேன். ஸ்டாம்பில் ஐந்தாவதாக ஒரு வரி சேர்ந்தது: நிபுணரின் கருத்து, பார்த்த தேதி, பொறுப்பு டாக்டரின் இறுதி முடிவு.